கஞ்சன் வீட்டில் அளவெடுக்கும் தையல்காரர்: வணிகர் சொத்தும் வாரிசும் கேலிச்சித்திரமும்

ஒருவர் சேர்க்கிறார், இன்னொருவர் அழிக்கிறார் என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படும் கதை. அந்தக் கதை படமாகி, அச்சாகி, கடைச் சன்னலில் தொங்கியபோது ஒரு கேள்வியும் கூடவே வந்தது. பணக்கார வணிகரின் சொத்தையும் அதன் வாரிசையும் கேலி செய்யும் படம் உண்மையில் யாரைக் கேலி செய்கிறது? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த தகப்பனையா? கண்மண் தெரியாமல் செலவழித்த மகனையா? இருவரையும் சுற்றி நின்று பிடுங்கிய வக்கீல், தரகர் கூட்டத்தையா? அல்லது உழைக்காத கையில் செல்வத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வாரிசுரிமை என்ற ஏற்பாட்டையேவா?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சில விடைகளுக்கு அவற்றைச் சொன்னவர்களின் சொந்த நலனும் காரணமாக இருந்திருக்கிறது. முக்கியமான நிலைப்பாடுகளையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

முதல் படத்தில் இருப்பது

1735 ஜூன் 25ஆம் தேதி லண்டனில் வில்லியம் ஹோகார்த் எட்டு அச்சுப்படங்களை வெளியிட்டார். ‘ஊதாரியின் பயணம்’ என்று அந்த வரிசையைத் தமிழில் சொல்லலாம். முதலில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, பிறகு செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. வெளியீட்டுத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டு பதிப்புரிமை தரும் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்களில் ஹோகார்த் முன்னணியில் நின்றார். அது அமலாகும்வரை படங்களை வெளியிடாமல் காத்திருந்தார். சொத்து பாழாவதைக் காட்டும் படங்களே சொத்துரிமைச் சட்டம் ஒன்றின் காவலில் பிறந்தன. ஆய்வாளர்கள் பலரும் இதைத் துணைச் செய்தியாகவே குறிப்பிடுகிறார்கள். எனக்கு இது மையச் செய்தியாகப் படுகிறது.

கதை எளிது. டாம் ரேக்வெல் என்ற இளைஞனுக்குத் தகப்பன் சொத்து வருகிறது. அவன் பிரபுக்களைப் போல வாழ ஆசைப்படுகிறான். நடன ஆசிரியர், வாள்பயிற்சி ஆசிரியர், குதிரைக்காரர் என்று ஒரு கூட்டம் சேர்கிறது. மதுக்கடை, சூதாட்டம், கடன், பணத்துக்காக ஒரு கிழவியுடன் திருமணம் என்று போய், ஃப்ளீட் கடன்காரர் சிறையிலும் கடைசியில் பெட்லம் மனநோய் விடுதியிலும் முடிகிறான்.

வாரிசுரிமைபற்றிய செய்தி முழுவதும் முதல் படத்தில் இருக்கிறது. தகப்பன் இறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தையல்காரர் மண்டியிட்டு டாமுக்கு துக்க உடைக்கு அளவெடுக்கிறார். சுவரில் கறுப்புத் துணி அடிக்க ஓர் ஆள் ஏணியில் ஏறியிருக்கிறான். அவன் சுத்தியல் பட்டு மேற்பலகை பெயர்ந்து, கிழவர் ஒளித்து வைத்த பொற்காசுகள் கொட்டுகின்றன. கணக்கெழுத வந்த வக்கீல், டாம் திரும்பி நிற்கும் நேரத்தில் மேசையில் கைவைத்துக் காசை எடுக்கிறான். அடுப்பு மூட்ட ஒரு கிழவி விறகு கொண்டுவருகிறாள். அந்த வீட்டில் அது வழக்கமில்லாத காரியம் என்பதை எலும்பும் தோலுமாக நிற்கும் பூனை சொல்கிறது. அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் செத்துப்போன கிழவர் இன்னும் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். தரையில் ஒரு பழைய செருப்பு கிடக்கிறது. அதன் தேய்ந்த அடிப்பகுதிக்கு வைத்துத் தைத்திருப்பது பைபிளின் தோலட்டை. வாசலோரம் சாரா யங் என்ற கர்ப்பிணிப் பெண் கையில் மோதிரத்தோடு அழுகிறாள். டாம் அவளை ஏமாற்றியவன்; இப்போது காசு கொடுத்து அனுப்பிவிடப் பார்க்கிறான். அவள் தாயின் மடி நிறைய அவன் எழுதிய காதல் கடிதங்கள்.

குறளில் ‘நன்றியில் செல்வம்’ அதிகாரம் படித்தவருக்கு இந்த அறை புதிதாக இராது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறையில் உள்ளவர்களில் சாராவையும் அவள் தாயையும் விறகுக்காரக் கிழவியையும் தவிர, குற்றமற்றவர் என்று யாரையும் விரல் நீட்ட முடியவில்லை. கேலி எங்கே விழுகிறது என்ற குழப்பம் படத்திலேயே இருக்கிறது.

ஒழுக்கப் பாடம் என்ற விடை

மிகப் பழைய விடை, இவை இளைஞருக்கான எச்சரிக்கை என்பது. 1768இல் ஜான் டிரஸ்லர் என்ற பாதிரியார் ஹோகார்த்தின் படங்களை ஒழுக்க உரையோடு புத்தகமாக்கினார். இந்த வாசிப்பில் குற்றவாளி மகன். தகப்பனின் கஞ்சத்தனமும் கண்டிக்கப்படுகிறது. ஆனால் அது மகனின் சீரழிவுக்கு முன்னுரை மட்டுமே.

இந்த விடைக்கு ஹோகார்த்தே ஆதாரம் தருகிறார். 1747இல் அவர் வெளியிட்ட ‘உழைப்பும் சோம்பலும்’ என்ற 12 படங்களில் நல்ல பையனான குட்சைல்ட் முதலாளியின் மகளை மணந்து, தொழிலில் பங்காளியாகி, லண்டன் மேயராகிறான். சொத்து கைமாறுவதை ஹோகார்த் அங்கே வாழ்த்தவே செய்கிறார்.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. டிரஸ்லரின் புத்தகம் ஹோகார்த்தின் மனைவி ஜேனின் ஒத்துழைப்போடு வந்தது. 1764இல் கணவர் இறந்தபின் அவருக்குப் பிழைப்பு அந்தச் செப்புத்தகடுகள்தான். குழந்தைகள் இல்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்துகொண்டிருந்ததால், 1767இல் நாடாளுமன்றம் அவருக்கென்று தனியாக 20 ஆண்டு உரிமை வழங்கியது. வாரிசு ஒருவர் தமக்கு வந்த சொத்தைக் காப்பாற்ற, அந்தப் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கத்தக்க நல்லுரைகளாக விற்கவேண்டிய நிலை. அவர்மேல் பழி சொல்ல ஏதுமில்லை. ஆனால் ‘ஒழுக்க ஓவியர் ஹோகார்த்’ என்ற பிம்பம் விற்பனைத் தேவையோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

சார்லஸ் லாம் 1811இல் எழுதிய கட்டுரை இந்த விடையை அசைத்தது. ஊதாரியின் கதையை அவர் ஷேக்ஸ்பியரின் ‘ஏதென்ஸ் நகரத்து டைமன்’ நாடகத்தோடு ஒப்பிட்டார். கடைசிப் படங்களில் சிரிப்பைவிடத் துயரமே மேலோங்குகிறது என்று காட்டினார். அவர் சொன்னதை ஏற்றால் டாம் தண்டனைக்குரியவன் என்பதைவிட இரங்கத்தக்கவன். ஜெர்மனியில் கேட்டிங்கன் நகர இயற்பியலாளர் லிக்டன்பெர்க்கும் 1790களில் ஒவ்வொரு படத்துக்கும் விரிவாக உரை எழுதினார். செருப்பு, பூனை, காசு என்று ஒன்றையும் விடாமல் படித்தவர் அவர். அந்தப் படிப்பில் பாடம் பின்னுக்குப் போகிறது; மனிதர்கள் முன்னுக்கு வருகிறார்கள்.

ஒரு வர்க்கத்தின் குரலா?

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி திசை மாறியது. ஹங்கேரியில் பிறந்த மார்க்சிய வரலாற்றாளர் ஃப்ரெடெரிக் ஆன்டல் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1962இல் வந்த நூல், ஹோகார்த்தை எழுந்துவரும் நடுத்தர வர்க்கத்தின் குரலாகக் கண்டது. சிக்கனம், உழைப்பு, நாணயம் ஆகியவற்றை மதிக்கும் வணிக வர்க்கம், பிரபுக்களின் ஊதாரித்தனத்தைச் சாடுகிறது; டாம் செய்த பிழை வணிகன் மகனாகப் பிறந்து பிரபு வேடம் போட்டது.

கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் வணிகத் தகப்பன்களை ஹோகார்த் எப்படி வரைந்தார் என்று பார்த்தால் இது தள்ளாடுகிறது. 1745இல் அச்சான ‘நாகரிகத் திருமணம்’ வரிசையில், கடனில் மூழ்கிய பிரபுவின் மகனுக்கு நகரத்துப் பணக்கார வணிகர் தம் மகளைக் கொடுக்கிறார். பிரபுவுக்குப் பணம், வணிகருக்குப் பட்டம். ஆறாவது படத்தில் அந்த மகள் விஷம் குடித்துச் சாய்ந்து கிடக்கிறாள். தகப்பன் முகத்தில் துயரம் இல்லை. உயிர் பிரியுமுன்பே அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். தற்கொலை செய்துகொண்டவரின் உடைமை அரசுக்குப் போய்விடும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். 1870இல்தான் அது நீங்கியது. சட்டம் தெரிந்த வணிகர் முந்திக்கொள்கிறார் என்று பலரும் இதைப் படிக்கிறார்கள். காலில் தாங்குகம்பி கட்டிய குழந்தையைத் தாயின் முகத்தருகே தூக்கிக் காட்டுகிறாள் ஆயா. இரண்டு குடும்பமும் சேர்ந்து பேரம் பேசியதெல்லாம் அந்த நோயாளிக் குழந்தைக்காகத்தான். வணிக வர்க்கத்தின் குரல் என்று இந்தப் படத்தை அழைக்க மனம் வரவில்லை.

ரொனால்ட் பால்சன் பல பத்தாண்டுகள் இதில் உழைத்தவர். அவர் தரும் விடை நுட்பமானது. டாமுக்குச் சொந்த முகம் இல்லை. பிறர் காட்டிய வேடங்களையே அவன் போட்டுப் பார்க்கிறான். தகப்பன் காசை மட்டும் விட்டுச் சென்றான், அதை வைத்து எப்படி வாழ்வது என்பதை விட்டுச் செல்லவில்லை. இந்தப் பார்வையில் கஞ்சத்தனமும் ஊதாரித்தனமும் ஒரே நோயின் இரண்டு நிலைகள். அலெக்சாண்டர் போப் 1733இல் பாதர்ஸ்ட் பிரபுவுக்கு எழுதிய கவிதை மடலிலும் கஞ்சத் தகப்பனும் ஊதாரி மகனும் ஜோடியாக வருகிறார்கள். அப்போது ஹோகார்த் இந்த ஓவியங்களில் வேலை செய்துகொண்டிருந்தார். பால்சன் முறையின் சிக்கல், எல்லாப் படத்திலும் எல்லா அர்த்தமும் அகப்பட்டுவிடும் என்பது. படித்த பார்வையாளருக்கு ஒரு பொருள், சாதாரணப் பார்வையாளருக்கு வேறு பொருள் என்று அவர் அடுக்கும்போது, எதை மறுப்பது என்றே தெரியாமல் போகிறது.

சட்டம் வரைந்த கதை

நான்காவது வழி, ஓவியரை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார்ப்பது. இதுவே இன்னும் போதுமான அளவு பயன்படுத்தப்படாத வழி என்று நினைக்கிறேன்.

அன்றைய இங்கிலாந்தில் பெரிய நிலவுடைமைக் குடும்பங்கள் தம் நிலத்தைக் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரங்களால் கட்டி வைத்திருந்தன. மூத்த மகன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். விற்றுத் தின்ன எளிதில் முடியாது. வணிகரின் சொத்தோ பெரும்பாலும் ரொக்கம், கடன் பத்திரம், சரக்கு. அதற்கு அப்படிப்பட்ட வேலி இல்லை. ஆகவே ஒரே தலைமுறையில் முழுக்கத் தொலைவது வணிகச் சொத்துக்கே எளிதாக நடந்தது. ஊதாரியின் கதைக்கு வணிகன் மகன் நாயகனானது தற்செயல் அல்ல.

இன்னொன்றும் உண்டு. லண்டன் மாநகரின் உரிமைபெற்ற குடிமக்களான வணிகர்களுக்கு ஒரு பழைய வழக்காறு இருந்தது: ரொக்கச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, மீதி ஒரு பங்கே உயில்படி. 1725ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தி, முழுவதையும் விருப்பப்படி எழுதிவைக்க வழிவிட்டது. ‘ஊதாரியின் பயணம்’ அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு வருகிறது.

உயில் எழுதும் சுதந்திரம் எங்கே போய் முடியும் என்பதற்கு இரண்டு வணிகர்களின் கதை போதும். ‘கழுகு’ என்று ஊர் அழைத்த ஜான் ஹாப்கின்ஸ் 1732இல் இறந்தபோது மூன்று லட்சம் பவுண்டு விட்டுச்சென்றார். உயிரோடிருக்கும் யாருக்கும் அது போகாமல் பின்வரும் தலைமுறைக்கே சேரவேண்டும் என்று அவர் எழுதிவைத்ததையும், நீதிமன்றம் அதைத் தள்ளியதையும் போப் தம் மடலுக்கு எழுதிய குறிப்பில் சொல்கிறார். 1797இல் இறந்த பீட்டர் தெல்லுசன் இன்னும் ஒரு படி மேலே போனார். தம் மகன்களும் அப்போது உயிரோடிருந்த பேரன்களும் இறந்து முடியும்வரை சொத்து தொடப்படாமல் வட்டியோடு பெருகவேண்டும் என்பது அவர் உயில். அப்படிப்பட்ட உயிலுக்கு வரம்பு கட்ட 1800இல் தனிச் சட்டமே வந்தது. வழக்கு 1859வரை நடந்து, சொத்தின் பெருக்கத்தை விழுங்கியது. டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் முடிவில்லாமல் நடக்கும் உயில் வழக்குக்கு இது ஒரு தூண்டுதல் என்பர். அந்த நாவலுக்கு ‘ஃபிஸ்’ என்ற பெயரில் ஹேப்லட் பிரவுன் வரைந்த படங்கள் ஹோகார்த் மரபில் வந்தவை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. டாம் ஒரே பிள்ளை போலத்தான் தெரிகிறான். பழைய வழக்காறு இருந்திருந்தாலும் சொத்து அவனுக்கே வந்திருக்கும். 1725ஆம் ஆண்டுச் சட்டம் கதையை உண்டாக்கியது என்று சொல்வது மிகை. கதையைக் கேட்கும் காதுகளை அது கூர்மையாக்கியிருக்கலாம், அவ்வளவே.

பணம் வந்த வழி

இறந்த கிழவர் பணத்தை எப்படிச் சம்பாதித்தார்? ஹோகார்த் அதை நேராகச் சொல்லவில்லை. சிதறிக் கிடக்கும் அடமானப் பத்திரங்கள் வட்டித் தொழிலைக் காட்டுகின்றன. கயானாவில் பிறந்த டேவிட் டாபிடீன் 1985, 1987ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில், ஹோகார்த்தின் படங்களில் வரும் கறுப்பினத்தாரையும், தலைமை அமைச்சர் வால்போல் காலத்து வணிக இங்கிலாந்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஊதாரித்தனத்தை மட்டும் பேசும் விமர்சனம், பணத்தின் பிறப்பிடத்தைப் பேசாமல் விட்டுவிடுகிறது என்ற உறுத்தலை அவை உண்டாக்கின.

இந்தப் பிறப்பிடங்களில் ஒன்று நம் சென்னை. புனித ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய பெரிய வைரம் ஒன்றை 1717இல் பிரான்சின் ஆட்சியாளருக்கு விற்றுச் செல்வந்தரானார். அந்தக் குடும்பத்தின் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் தலைமை அமைச்சர்கள். போப்பின் அதே மடலில் ஒரு வைரத்தால் பணக்காரனாகும் நகரத்து வணிகன் வருவது பிட்டைக் குறித்தே என்று கருதப்படுகிறது.

படங்களே சொத்தானபோது

எட்டு ஓவியங்களின் கைமாற்றத்தைப் பின்தொடர்ந்தால் மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளும் சோதனைக்கு வருகின்றன. 1745இல் ஹோகார்த் நடத்திய ஏலத்தில் ஒவ்வொன்றும் 22 கினிக்குப் போயின. வாங்கியவர் வில்லியம் பெக்ஃபோர்ட். ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களின் உடைமையாளர், பின்னாளில் இருமுறை லண்டன் மேயர். 1770இல் அவர் இறந்தபோது அவர் பெயரையே கொண்ட மகனுக்கு வயது ஒன்பது. அந்தப் பெருஞ்சொத்து அவனுக்கு வந்தது. அவன் வளர்ந்து நாவல் எழுதினான், ஓவியங்கள் சேர்த்தான், ஃபான்ட்ஹிலில் வானளாவிய கோபுரத்தோடு மாளிகை கட்டினான். ஊதாரியின் ஓவியங்களை 1802இல் கிறிஸ்டி ஏலத்தில் விற்றான். 1822இல் மாளிகையையும் விற்றான். அதை வாங்கியவர் வங்காளத்தில் வெடிமருந்து வணிகத்தில் பொருள் சேர்த்த ஜான் ஃபார்கர்; 1825இல் கோபுரம் இடிந்தது, அடுத்த ஆண்டு ஃபார்கர் உயில் எழுதாமலே இறந்தார்.

ஓவியங்களை 570 கினிக்கு வாங்கியது கட்டடக்கலைஞர் ஜான் சோன் குடும்பம். அவருடைய இளைய மகன் ஜார்ஜ் கடனுக்காகச் சிறை சென்றவர். 1815இல் தகப்பனின் கட்டடங்களை இழித்துப் பெயரில்லாமல் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு தாய் இறந்தார். சோன் அந்தக் கட்டுரைகளே அவரைக் கொன்றன என்று நம்பினார். 1833இல் தனிச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றச் செய்து, வீட்டையும் சேகரிப்பையும் மகனுக்குப் போகாமல் நாட்டுக்கு எழுதிவைத்தார்.

‘நாகரிகத் திருமண’ ஓவியங்களும் பொதுவுடைமையாயின, ஆனால் விலைக்கு. காப்புறுதி வணிகர் ஆங்கர்ஸ்டைன் 1823இல் இறந்தபின், அவர் சேகரிப்பிலிருந்து இவை உட்பட 38 ஓவியங்களை அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியது. 1824இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் அவற்றைக் கொண்டே தொடங்கியது.

வாரிசுரிமையை இந்தப் படங்கள் தாக்குவதாகப் பெக்ஃபோர்டோ ஆங்கர்ஸ்டைனோ உணர்ந்திருந்தால் வீட்டில் மாட்டியிருப்பார்களா? கேலி தங்கள்மேல் விழவில்லை என்றே செல்வர்கள் எண்ணினர் என்று கொள்ள இடமிருக்கிறது.

இலக்கு மாறிய காலம்

ஏற்பாட்டையே கேள்வி கேட்கும் கேலிச்சித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெறுகிறது. நியூயார்க்கின் ‘பக்’ இதழில் 1893இல் ஜோசப் கெப்ளர் வரைந்த படத்தில், மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்கும் புதிய குடியேறியைக் கோட்டு போட்ட செல்வர்கள் கைகாட்டித் தடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விழும் நிழல்களோ, அதேபோல மூட்டை தூக்கி வந்த அவர்களின் பழைய உருவங்களும் ஏழை முன்னோர்களும். இங்கே கேலி, சொத்தை வாங்கிக்கொண்டு அது வந்த பாதையை அடைக்கும் வாரிசுகளின்மேல்.

அதே காலத்தில் 1894இல் பிரிட்டனில் நிதியமைச்சர் ஹார்கோர்ட் இறப்புவரியை ஒழுங்குபடுத்தினார். 1909இல் அப்போதைய நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் வரவுசெலவுத் திட்டத்தில் அதை உயர்த்தியபோது, ‘பஞ்ச்’ இதழில் பெர்னார்ட் பார்ட்ரிட்ஜ் அவரைத் தடியேந்திய பூதமாகவும், பணக்காரரை மேசைக்கடியில் ஒளிந்து நடுங்குபவராகவும் வரைந்தார். வாரிசுரிமை அரசியலானதும் கேலிச்சித்திரம் ஒரே பக்கம் நிற்கவில்லை. செல்வருக்காகவும் அது பேசியது.

பின்னாளில் ஊதாரியின் கதையை எடுத்தாண்டவர்கள் சொத்தின் மூலத்தை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். 1951இல் வந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைநாடகத்தில் பணம், டாம் அறியாத ஒரு மாமாவிடமிருந்து வருகிறது. கிரேசன் பெரி 2012இல் நெய்வித்த ஆறு திரைச்சீலைகளில் நாயகன் தானே தொழில் செய்து பணக்காரனாகிறான். தகப்பன் சொத்துக்கு அங்கே வேலையில்லை.

தீராதவை

கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டால், ஹோகார்த்தின் படங்கள் வாரிசுரிமையைத் தாக்கின என்று சொல்வது கடினம். சேர்த்தவனின் மனமும் பெற்றவனின் மனமும் சரியில்லை என்கின்றன. சொத்து தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகக் கூடாது என்று எந்தப் படமும் சொல்லவில்லை. அந்த அளவில் ஒழுக்கப் பாடம் என்ற பழைய விடை முழுத் தவறல்ல, அது போதாது. வர்க்க விடை வணிகர்மேல் விழும் அடியை விளக்கவில்லை. சட்டத்தின் வழியே போகும் விடை இன்னும் வளரவேண்டியது: பிள்ளைகளுக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு தந்த 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் கேலிச்சித்திரம் வேறு திசையில் போயிற்றா என்று இரு நாட்டுப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை பாக்கியிருக்கிறது.

அதைவிடப் பெரிய கேள்வி பார்வையாளரைப் பற்றியது. ஹோகார்த்தின் அனுமதியோடு தாமஸ் பேக்வெல் வெளியிட்ட சிறிய, மலிவான பிரதிகளின் விலை இரண்டரை ஷில்லிங். சொத்து எதுவும் வராத தொழில்பழகும் பையன்களும் கடைக்காரர்களும் அவற்றைப் பார்த்தார்கள். செல்வர் மாளிகையில் தொங்கிய ஓவியமும் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிய தாளும் ஒரே கேலியைச் செய்தனவா என்பதற்கு இனிவரும் ஆய்வுகள்தான் விடை தேடவேண்டும். இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஓவியம் வாங்கியவர்களைப் பற்றியது; தாள் வாங்கியவர்களைப் பற்றியது மிகக் குறைவு.

எட்டு ஓவியங்களும் லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் 13ஆம் எண் வீட்டில், சோன் அமைத்த அறையில், கதவுபோலத் திறக்கும் பலகைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஜார்ஜுக்கு வந்திருக்க வேண்டிய வீடு அது. உள்ளே போகக் கட்டணம் இல்லை.